அம்மாளாணை என்று சொன்னேன்

ஏழு வருஷத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம். லண்டனில், லூயிஷாமில் ஓர் அறையில் நானும் ஊர்க்கார அண்ணை ஒருவரும் இருந்தோம். என் அகதிக் கேஸை ஏற்கவில்லை. அப்பீல் போட்டிருந்தேன். அதுவும் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுவேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பக்கத்தில் ஒரு மண்டபத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா ஆங்கிலம் சொல்லித்தந்தார். எழுபது வயதுக்கு மேல். முன்பு பள்ளிக்கூட ஆசிரியை, பிறகு சமூக சேவகி. ஆயுத வியாபாரத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்து, பொலிஸ் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகவேண்டும். உள்ளே போன சிலரை அப்படியே பிடித்து அடைத்துவிடுவார்கள். அந்த நாளில் அவரும் வருவார். வெளியே மதிலோரம் நிற்பார். மழை என்றாலும் நிற்பார். நான் வெளியே வந்ததும் பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். பட்டம் வேண்டாம், பெயரைச் சொல் என்பார். அப்படிக் கூப்பிட எனக்கு ஏலவில்லை.

அவர் குவேக்கர். அது கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. அந்த மண்டபம்தான் அவர்களுக்குக் கோயில். சிலுவை இல்லை, பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஞாயிறு காலையில் வட்டமாகக் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து சொல் வந்தால் எழும்பிச் சொல்லலாம். வராவிட்டால் இல்லை.

அப்பீலில் எனக்காகச் சாட்சி சொல்ல டீச்சர் சம்மதித்தார். வழக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என் வாக்குமூலத்தை மேசையில் வைத்தார். இதில் இருப்பதெல்லாம் உண்மையா என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்.

அதில் ஒரு பொய் இருந்தது. ஊரில் ராணுவம் என்னைப் பிடித்து முகாமில் பதினொரு நாள் வைத்திருந்தது. என் தமையனை ஐந்து மாதம். அவன் திரும்பி வந்தான், பழைய ஆளாக வரவில்லை. "பதினொரு நாளை ஆர் கணக்கில எடுப்பான்? கொண்ணன்ரை கதையை உன்ரை எண்டு சொல்லு" என்று என்னை அனுப்பிய ஏஜென்ட் சொன்னான். அப்படியே சொல்லியிருந்தேன்.

"ஓம் டீச்சர். அம்மாளாணை."

அது எங்கள் அம்மன் மேல் செய்யும் சத்தியம் என்று விளக்கினேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாளாணை என்றால் நம்பிவிடுவார்கள்.

டீச்சரின் முகம் மாறியது. "நாங்கள் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரம் சொல்வது என்ன? சும்மா சொல், போதும்."

பிறகு அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருப்பது போலவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகாமில் கத்தினார்கள், அடித்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பேசாமையைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் ஏசவில்லை. திருத்தி எழுதலாம், ஆனால் அதனாலேயே தோற்கவும் கூடும் என்றார். திருத்தாவிட்டால் என்று கேட்டேன்.

"யாருக்கும் சொல்லமாட்டேன். சாட்சிக்கு வரமாட்டேன். நீ கையெழுத்துப் போடும் இடத்தில் வழக்கம்போல நிற்பேன்."

அறைக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"விசரா! அந்தக் கிழவி உன்னைக் கட்டுநாயக்கா ஏர்போட்டில கொண்டுபோய் இறக்கப்போறா. இறக்கிப்போட்டுத் தேத்தண்ணியும் ஊத்தித் தருவா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திருப்பி அனுப்பினால் பிளேனை விட்டு இறங்கிய இடத்திலேயே பிடிப்பார்கள். மறுபடி அந்த முகாம். ஆனால் கண்ணை மூடினால் தமையன்தான் வந்தான். அவன் பட்டதை நான் எடுத்து விற்றிருக்கிறேன். மூன்றாம் நாள் என் வழக்கைப் பார்த்த சொலிசிட்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினார்.

வழக்கு நாளில் மேசையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு பொய் சொன்ன உன்னை இப்போது ஏன் நம்பவேண்டும் என்று நீதிபதி கேட்டார். "பதினொரு நாள்தான். மிச்சம் என் தமையனுடையது" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அடுத்து டீச்சர். "இவர் பொய் சொன்னார். என்னிடமும் சொன்னார். பிறகு அவரே திருத்தினார். நான் பார்த்தது இவ்வளவுதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து கிழமை காத்திருந்தேன். தபால் விழும் சத்தத்துக்கு ஒவ்வொரு காலையும் செத்துப் பிழைத்தேன். கடைசியில் சொலிசிட்டர் போன் எடுத்தார். வென்றுவிட்டேன். அந்தப் பதினொரு நாளை நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தாராம். அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். "அம்மாளாணை, நீ தப்புவாய் எண்டு நான் நினைக்கேல்லையடா" என்றார்.

திருத்தியதால்தான் வென்றேனா, தெரியாது. உண்மை சொல்லியும் தோற்றவர்களை எனக்குத் தெரியும்.

டீச்சர் இறந்து மூன்று வருஷம். அவருடைய இறுதி அஞ்சலிக்கு அதே மண்டபத்தில், வட்டமாக, பேசாமல் இருந்தோம். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. எழும்பி, அவருடைய பெயரை மட்டும் முதல்முறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது டூட்டிங்கில் ஒரு மீன்கடையில் வேலை. மீன் இன்றையதா என்று கேட்பார்கள். நேற்றையது என்றால் நேற்றையது என்பேன். அம்மாளாணை சொல்வதை விட்டுவிட்டேன். பெரிய விஷயங்களில் உள்ளதைச் சொல்ல இன்றும் பயம்தான். வெளியே மதிலோரம் அவர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன்.