மதாம் வந்த வருஷம்

மூலக்குளத்தில் ஒரு கிறித்தவ சபை நடத்தும் சின்னப் பள்ளியில் நிர்மலாதேவி யு.கே.ஜி. ஆசிரியை. வில்லியனூர்ப் பக்கம் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். கலியாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பள்ளியைத் தவிர வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. பிள்ளை இல்லை. சாயங்காலம் பள்ளி விடும்போது அம்மாக்கள் கேட் அருகே அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளைக்குச் சளி என்றாலும் மாமியாரோடு சண்டை என்றாலும் முதலில் நிர்மலா மிஸ்ஸிடம்தான் சொல்வார்கள். "உனுக்கு அங்க ஒரு வூடு, இங்க ஒரு வூடு" என்று கணவன் கலைவாணன் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் அவளுக்குப் பிடிக்கும்.

ஒரு ஜூன் மாதம் ரியூனியன் தீவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பத்ரிக், அவன் மனைவி ஓதில், ஐந்து வயது மகள் லெயா. ஒரு வருஷம் பள்ளிக்கு உதவியாக இருக்கச் சொல்லி அவர்கள் ஊர்ச் சபை அனுப்பியிருந்தது. பத்ரிக் பெரிய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் கால்பந்தும் சொல்லிக்கொடுத்தான். லெயா நிர்மலாவின் வகுப்பில் சேர்ந்தாள். ஓதிலுக்கு இதுதான் வேலை என்று எதுவும் இல்லை. பெற்றோர்களோடு பழக வேண்டும், அவ்வளவுதான்.

அவள் வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் எல்லாரும் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். ஓதிலோ கறுப்பாக, நீளச் சடையோடு, அரியாங்குப்பம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் போல இருந்தாள். அவளுடைய முன்னோர்கள் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்களாம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "நம்ம பொண்ணுதான், பாவம், பேச்சு மறந்துபோச்சு" என்று அம்மாக்கள் உருகினார்கள். பிரெஞ்சுக்கார அம்மாக்களைக் கூப்பிடுவது போல 'மதாம்' என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "கொழம்பு சூப்பரா கீது" என்று அவர்களிடம் கற்றதையே திருப்பிச் சொன்னாள். மறுநாள் கேட் அருகே அதே பேச்சாக இருந்தது.

ஆகஸ்டுக்குள் கூட்டம் நிர்மலாவைத் தாண்டிப்போய் நின்றது. அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், "வரோம் மிஸ்" என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஓதில் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வீட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டவளை, "இன்னா, ஸ்கூல் லீவா?" என்று கேட்ட கலைவாணன், அவள் முகத்தைப் பார்த்ததும் காப்பி போடப் போனான்.

அமுதவல்லியும் அந்தப் பக்கம் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அமுதவல்லியின் மகள், மகன் இருவருமே நிர்மலாவிடம் படித்தவர்கள். புருஷன் குடித்துவிட்டு வந்த நாட்களில் அவள் அழுதது நிர்மலாவின் தோளில்தான். அந்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. நிர்மலா பட்டுப் பாவாடையும் வளையலும் தட்டில் வைத்து எடுத்துப்போனாள். மேடையில், அமுதவல்லியின் புடவையைக் கட்டிக்கொண்டு, பெண்ணுக்குப் பக்கத்தில் ஓதில் நின்றிருந்தாள். சந்தனம் பூசச் சொல்லி அமுதவல்லியே அவள் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அங்க ஒக்காருங்க, தோ வந்துட்டேன்" என்றாள் நிர்மலாவைப் பார்த்து. வரவில்லை. தட்டை யாரோ ஒரு சித்தி வாங்கி வைத்தாள். நிர்மலா சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளையை அழைத்துப்போக வந்த சரிதா, "மதாம் நாளைக்கி எங்க வூட்டுக்கு வராங்க மிஸ்" என்று பூரித்தபோது நிர்மலா குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க சும்மா ஒண்ணும் வூடு வூடா வரல சரிதா. எதுக்குத்தான் அனுப்புறாங்கன்னு நெனக்கிற? இன்னும் கொஞ்ச நாள்ல உன் புள்ள கழுத்துல சிலுவையை மாட்டி வுட்டுருவாங்க, பாத்துக்க."

ஓதில் எந்த வீட்டிலும் அப்படி எதுவும் பேசியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பேச்சு வீடு வீடாகப் பரவி, அந்த வாரக் கடைசியில் அப்பாக்கள் சிலர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். "படிக்கத்தான் அனுப்புறோம். வூட்டுக்குள்ள வர்ற வேலைலாம் வேணாம்" என்றான் ஒருவன். தலைமையாசிரியர் தேவதாஸ் பயந்துபோனார். இனி யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று ஓதிலிடம் சொல்லிவிட்டார். அமுதவல்லி மட்டும் அத்தனை ஆண்களுக்கும் நடுவே நின்று, "எங்க வூட்ல அவங்க ஒரு நாளும் சாமி பத்திப் பேசுனதில்ல. எந்த நாயி கெளப்பி வுட்டுச்சோ" என்று கத்தினாள். நிர்மலா வகுப்பறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள்.

அம்மாக்கள் மறுபடி அவளிடம் வந்தார்கள். ஓதில் புங்கமரத்தடியில் தனியாக நின்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நிர்மலா விரும்பியது இதுதான். ஆனால் கூடியவர்கள் பேசியது முழுக்க ஓதிலைப் பற்றி. "பாவம் மிஸ் அது" என்றார்கள். இல்லாதபோதும் அவள்தான் அங்கே நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓதில் லெயாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிர்மலாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எல்லார் வூட்டுக்கும் போனேன். நீங்க மட்டும் கூப்புடல" என்றாள், அதற்குள் அம்மாக்களிடம் கற்றிருந்த தமிழில். "இவ அழுவுறா. தெனம் நிர்மலா மிஸ், நிர்மலா மிஸ். தூங்கும்போதும் நிர்மலா மிஸ். நான் பாட்டு பாடுனா வேணாம். மிஸ் பாட்டு வேணும்."

லெயா அதற்குள் ஓடிப்போய் நிர்மலாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஓதில் அதைப் பார்த்தபடி நெஞ்சில் கை வைத்தாள். "இங்க எரியுது. உங்க மேல. இதுக்குத் தமிழ்ல இன்னா பேரு?"

நிர்மலா லெயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறாம" என்றாள்.

"பொறாம" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு ஓதில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நிர்மலாவால் மறைத்து வைக்க முடியவில்லை.

"அந்தப் பேச்சக் கெளப்பி வுட்டது நான்தான் மதாம்."

ஓதிலுக்குப் புரியவில்லை. தலையைச் சாய்த்து, "கெளப்பி?" என்றாள்.

ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. இப்போது நிறுத்தி நிறுத்தி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் பொய் சொன்னேன். நீங்க மதம் மாத்த வரீங்கன்னு. சரிதாகிட்ட. நான் சொன்னேன்."

புரிந்துவிட்டது. ஓதில், அழுத லெயாவை இழுத்துக்கொண்டு வாசலிறங்கிப் போனாள். கலைவாணன் காப்பித் தம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றான்.

மறுநாளிலிருந்து நிர்மலா பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போனாள். முதலில் சரிதா வீடு. பிறகு சத்தம் போட்ட அப்பாக்களின் வீடுகள். சிலர் உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒருவன் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினான். அமுதவல்லி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. தேவதாஸ் தனியே கூப்பிட்டுக் கண்டித்தார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டாம் என்று ஓதில் கேட்டுக்கொண்டதாக பத்ரிக் மூலம் தெரிந்தது. அது நிர்மலாவுக்குக் கண்டிப்பைவிட அதிகமாக உறைத்தது.

கார்த்திகைக்குப் பிறகு சில வீடுகள் ஓதிலை மறுபடி அழைத்தன. சில வீடுகள் கடைசி வரை அழைக்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து லெயாவை வகுப்பில் விட வந்தபோது, ஓதில் வாசற்படியிலேயே நின்று, "அந்தப் பாட்ட எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். சிரிக்கவில்லை. நிர்மலா சொல்லிக்கொடுத்தாள். அவள் வரி வரியாகச் சொல்ல, லெயாவும் அம்மாவைத் திருத்தினாள். தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு தினமும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அவர்கள் கிளம்பினார்கள். பள்ளி வாசலில் வேன் நின்றது. அமுதவல்லி, சரிதா, இன்னும் பலர் ஓதிலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தனக்காக இவர்கள் இப்படி அழுவார்களா என்று அப்போதும் நிர்மலாவுக்குள் ஒன்று குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், லெயாவின் தலையை ஒரு முறை தடவிவிட்டு, அவளைத் தூக்கி, வேனில் ஏறிவிட்ட அம்மாவின் மடியில் உட்கார வைத்தாள்.