இரட்டையாய் விழுந்த முகம்

பார்க்கிங் என்ற ஊரில் தனியாளாய் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். மறுநாள் செத்தவீட்டுக்கு, கணவரின் அஞ்சலிப் பதாகை வாங்க ஒரு அக்கா வந்திருந்தா. பிரிண்டரோ அவர் முகத்தை இரட்டையாய் அடித்துத் தள்ளியது. மை வரும் ஹெட்டைத் திரும்பத் திரும்பக் கழுவியும் சரிவரவில்லை.

"இந்தாள் ஒரு படத்துக்கும் ஒழுங்கா நிண்டதில்லை, தம்பி," என்று அக்கா சிரித்தா.

கடைசியில்தான், ஹெட் இடம் பார்த்து ஓடும் மெல்லிய பட்டியில் மை படிந்திருந்ததைக் கண்டேன். அக்கா போன் வெளிச்சம் பிடிக்க, துடைத்தேன். முகம் தெளிவாய் வந்தது.

"கொண்டு போகலாம், அக்கா."

அவ எழும்பவில்லை. "மை காயட்டும், தம்பி. வீட்டிலை ஒருத்தருமில்லை."

மை எப்போதோ காய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அவ இருந்தது எனக்கும் ஆறுதலாய்த்தான் இருந்தது. அந்தக் கடையில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி போட்டது அன்றைக்குத்தான்.