இறால் தண்ணீர் குடித்த ரேடியோ

என் மாமா எதையும் முழுசாகக் கற்றுக்கொண்டு வந்தவர் இல்லை. தையல் கற்கச் சென்னைக்குப் போனவர் காஜா எடுக்கும் வரைக்கும் கற்றுக்கொண்டு திரும்பினார். டிரைவிங் கற்கப் போனவர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திரும்பினார். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பொன்னேரி பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியோடு பழவேற்காட்டில் வந்து இறங்கி, ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டேன் என்று அவர் அறிவித்தபோது வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சத்தம் வரும் வரைக்குமா, வராத வரைக்குமா?

மாமா உம்மாவுக்குத் தம்பி. அவர் பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய வீட்டுக் கணக்கையெல்லாம் உம்மாதான் போட்டுக் கொடுத்தாள் என்று வீட்டில் ஒரு கேலி உண்டு. உம்மாவைப் பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாமாவுடைய மார்க்கும் அந்த வருஷத்தோடு இறங்கிவிட்டது என்பார்கள். உம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் தெருவில் எந்தப் பேச்சை எடுத்தாலும் முன்னோர்களின் கப்பலில் போய்த்தான் நிற்கும். கப்பல்கள் போய் ரொம்பக் காலமாகியிருந்தது. பையன்கள் எட்டாவதோடு சென்னை மண்ணடிக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள், பெண்கள் வயசுக்கு வந்ததோடு வீட்டுக்குள் போனார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரப் போகிறேன் என்று மாமா கிளம்பினார். தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் மனசு வைத்துச் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். இடம்தான் இல்லை. தம்பியாயிற்றே என்று உம்மா எங்கள் வீட்டுக் கொல்லையை விட்டுக்கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"நோன்பு பொறக்கறதுக்குள்ள நீ செய்யற ரேடியோ பேசணும். இல்லன்னா கொல்லையைக் காலி பண்ணிடு. இவளும் உள்ள வந்துடணும்."

இவள் என்றது என்னை. எனக்குப் பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. உள்ளே வருவது என்றால் கொல்லையிலிருந்து கூடத்துக்கு வருவதில்லை, பள்ளிக்கூடத்தை நிறுத்துவதும் அதோடு சேர்த்திதான் என்பது எனக்குத் தெரியும். அந்த ரேடியோ பேச வேண்டும் என்று என்னைப் போல் யாரும் துஆ கேட்டிருக்க மாட்டார்கள்.

ரேடியோ என்றால் கடையில் விற்பதைப் போலப் பெட்டியும் முள்ளும் கொண்டது இல்லை. ஒரு பலகை, அதன் மேல் செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டார்ச் பேட்டரி, காதில் வைத்துக் கேட்க ஒரு சின்ன இயர்போன். ஒரு கம்பி உயரத்தில் கட்டிய ஏரியலுக்குப் போகும். இன்னொன்று பூமிக்குள் புதைத்த இரும்புக் குழாய்க்குப் போகும். ஏரியல் கட்டத்தான் உயரமாக எதுவும் அகப்படவில்லை. பள்ளிவாசல் மினாராவில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்ட மாமாவுக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. வேறு வழியில்லாமல் கோட்டைக்குப்பத்துக்குப் போய், படகில் நிறுத்தும் பாய்மரம் பழசாக ஒன்று கிடைக்குமா என்று ஒரு மீனவரிடம் கேட்டார். அவர் மரத்தைத் தாமே தோளில் சுமந்து வந்து எங்கள் கொல்லையில் நட்டார். மாமா வாடகைப் பேச்சை எடுத்ததும் கையை ஆட்டினார்.

"வாடகையெல்லாம் இன்னாத்துக்கு பாய்? எம்பொண்ணும் எங்க குப்பத்துப் பசங்க நாலு பேரும் வந்து குந்துவாங்க. அதுங்களுக்கும் சேத்து சொல்லிக்குடு."

நம் பிள்ளைகளுக்கென்று தொடங்கியதில் குப்பத்துப் பிள்ளைகளா என்று தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. அப்படியானால் ஏரியலை இறக்கிவிடட்டுமா என்று மாமா பணிவாகக் கேட்டார். முணுமுணுத்தவர்கள் மறுபடி கப்பல் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

மறுநாளே சண்டை. ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் அயர்ன் இருந்தது ஒன்றே ஒன்று. நாங்கள் அதற்குச் சூட்டுக்கோல் என்று பேர் வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக் கொல்லை, அதனால் எங்களுக்குத்தான் முதலில் என்று நான் சொன்னேன். எங்கள் மரம் என்று அவர்கள் சொன்னார்கள். மாமா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். அந்த மீனவரின் மகளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள்தான் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு கிழித்தாள்.

"பாடு வெச்சிக்கலாம். நைனா ஏரில வலை போடறது அப்டித்தான்."

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களுக்குக் குப்பத்தார் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு யாருடைய பாடோ அவர்தான் அங்கே வலை போடலாம். மற்றவர் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் கரையில்தான் நிற்க வேண்டும். அவள் சீட்டுக் குலுக்கினாள். தெருப் பிள்ளை, குப்பத்துப் பிள்ளை, பெண், பையன் என்று எல்லாம் கலந்து விழுந்தது. அதன் பிறகு சண்டை இல்லை. சூட்டுக்கோல் பிடித்தவன் வேலை செய்ய, மீதிப் பேர் சுற்றி உட்கார்ந்து யோசனை சொல்லி அவன் உயிரை வாங்கினோம்.

எல்லாம் ஒட்டி முடித்தும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மாமா சுருளைப் பிரித்துச் சுற்றினார், பேட்டரியை மாற்றினார், பலகையைத் திருப்பி வைத்தார், பிஸ்மி சொல்லித் தொடங்கவில்லையோ என்று மறுபடி தொடங்கினார். அது இயர்போனில் எறும்பு ஊர்வதைப் போல ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. அப்படியே நோன்புக்குப் பிறை பார்க்கும் நாளும் வந்துவிட்டது. கோடை வெயிலில் கொல்லை மணல் பொரிந்துகொண்டிருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பையன்கள் பிறை தேடப் பள்ளிவாசல் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பிறை தெரிந்தால் நான் வீட்டுக்குள். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று மேகம் கேட்டு வேண்டிக்கொண்டேன்.

பலகையைச் சுற்றி எல்லோரும் குனிந்திருந்தோம். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று இயர்போனை ஒரு எவர்சில்வர் குண்டானுக்குள் போட்டிருந்தார் மாமா. அது குண்டான் நிறைய மௌனமாக இருந்தது. அடுக்களையில் இறால் ஆய்ந்து முடித்த உம்மா, கழுவிய தண்ணீர்த் தவலையோடு கொல்லைக் கதவுக்கு வந்தாள். பேசியதா என்று கேட்டாள். யாரும் நிமிரவில்லை. அந்தக் கோபத்தில் தவலையைச் சாய்த்து வீசினாளே, உப்பும் மஞ்சளும் இறால் நாற்றமுமாக அத்தனை தண்ணீரும் பூமிக் குழாய் புதைத்திருந்த இடத்தில் போய் விழுந்தது. மணல் உஸ்ஸென்று குடித்தது.

குண்டான் பேசியது.

கத்தரிச் செடியில் காய்ப்புழு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் மிக நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்த யார் வீட்டிலும் ஒரு கத்தரிச் செடி கிடையாது. ஆனாலும் அந்தப் புழுவுக்கு நாங்கள் போட்ட கூச்சலில் பள்ளிவாசல் மாடியில் இருந்தவர்கள், கீழே யாரோ பிறையைப் பார்த்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். மாமா குப்பத்துப் பையன் ஒருவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். நானும் அந்தப் பெண்ணும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மணலில் குதித்தோம். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

காய்ந்த மணலில் மின்சாரம் ஓடாது, உப்பு ஈரத்தில் ஓடும் என்று மாமா அப்போதுதான் நினைவு வந்தவராக விளக்கினார். நாங்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ரேடியோ இறால் தண்ணீர் குடித்தால்தான் பேசும் என்று முடிவு கட்டிவிட்டோம். குப்பத்துப் பிள்ளைகள் தினமும் ஒரு சொம்பு கொண்டுவந்தார்கள். தெருப் பையன் ஒருவன் நண்டுத் தண்ணீர் ஊற்றினால் சிலோன் ஸ்டேஷன் எடுக்குமா என்று சோதித்தும் பார்த்தான். நோன்பு மாதம் முழுக்க, கஞ்சிக்குக் காத்திருக்கும் நேரத்தில் குண்டானைச் சுற்றி இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

பெருநாள் முடிந்து வகுப்பு மறுபடி தொடங்கியது. உம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. மாறாக, வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு குடம் உப்புத் தண்ணீரோடு அவளே வெளியே வந்தாள். குழாயடியில் ஊற்றுவாள். பிறகு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பாள். மாமா பாடத்தை முடிக்கும் வரைக்கும் நிற்பாள். ஒரு குடம் ஊற்ற இவ்வளவு நேரமா என்று எனக்கு இருக்கும். சாதாரண உப்புத் தண்ணீரே போதுமா, எத்தனை நாளைக்கு ஈரம் நிற்கும் என்றெல்லாம் இரவில் என்னிடம் கேட்பாள். ரேடியோ மறுபடி நின்றுவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சீட்டில் அந்தக் குப்பத்துப் பெண்ணின் பெயர் வந்தது. அவள் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்து நேராகக் கதவோரம் போனாள்.

"பெரிம்மா, இன்னிக்கு எம்பாடு. ஒங்களுக்குக் குடுத்துட்டேன். வந்து குந்துங்க."

ஏரியில் அப்படி விட்டுக்கொடுக்கும் வழக்கம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உம்மா வேண்டாம் என்றாள், அடுப்பில் சோறு என்றாள், அப்புறம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். சூட்டுக்கோலைக் கரண்டியைப் போலப் பிடித்தாள். ஈயம் கம்பியில் ஒட்டாமல் பலகை மேல் பட்டாணிகளாக உருண்டது. நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் யோசனை சொன்னோம். கடைசியில் ஒரு கோணல் குமிழாக ஒட்டிக்கொண்டது. மாமா பேட்டரியைப் பொருத்தினார். குண்டானில் யாரோ செய்தி வாசித்தார்கள்.

உம்மா சிரிக்கத் தொடங்கினாள். விடாமல் சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கம்பியை ஒட்டியதற்கு யாராவது இவ்வளவு சிரிப்பார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உம்மா கண்ணில் ஈயப் புகை பட்டுவிட்டது, அதனால்தான் கண்ணைத் துடைக்கிறாள் என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னேன். குப்பத்துப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்குக் கடல்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. புகை உம்மா பக்கம் போகவே இல்லை, முழுக்க என் பக்கம்தான் வந்தது.