சாம்பலாண்டி வாய் திறப்பானா

என் வீட்டுக்காரர் டேனியலுக்குத் திக்குவாய். பூனாவுக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் நாங்கள் குடியிருக்கிற கட்கியில் வந்து இறங்கும்வரை நாலு வார்த்தை பேசியிருந்தால் பெரிய விஷயம். வீட்டிலும் அதே கதைதான். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் தலையாட்டல், "இன்னும் ரெண்டு சப்பாத்தி போடட்டா?" என்றால் கையாட்டல். தூத்துக்குடிப் பக்கம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்த புதிதில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அப்பேர்ப்பட்ட மனுசர், 2006-ல் ஒருநாள் பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "வ... வருதான்!" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவருடைய சித்தப்பா மகன்தான் வருகிறானோ என்று நினைத்துவிட்டேன். வந்தால் ஒரு மாசத்துக்கு நகர மாட்டான். பார்த்தால் சினிமா விளம்பரம். பழைய சாம்பலாண்டி படத்தைப் புதிதாக, முதலிலிருந்து எடுக்கிறார்களாம்.

சாம்பலாண்டி என்பது இவர் வளர்ந்த கட்கி ராணுவக் குவார்ட்டர்ஸ் தமிழ் ஆட்கள் வைத்த பெயர். சாம்பல் நிறத்தில் உடுப்புப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வந்து ஊரைக் காப்பாற்றுகிறவன். அசலில் அது இங்கிலீஷ் படம். தொண்ணூற்றொன்றாம் வருசக் கிறிஸ்துமஸுக்கு குவார்ட்டர்ஸ் மைதானத்தில் டிவியும் வீடியோவும் வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. டிவியில் ஸ்பீக்கர் போய்விட்டது. சனம் கூச்சல் போட்டதும், ஆபீசர் மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்த ஜெபமணி அண்ணாச்சி, கேரல் பாட்டுக்கு வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தாராம்.

திரையில் யாருக்கு உதடு அசைகிறதோ அவருக்கு அண்ணாச்சி தமிழில் பேசினார். இங்கிலீஷ் கதாநாயகி "அத்தான்" என்று அழுதாள். வெள்ளைக்கார வில்லன், "ஏல, கொடல உருவிருவேன்" என்றான். ஆனால் சாம்பலாண்டியின் முகமூடி மட்டும் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே மூடியாக இருந்தது. அவன் பேசுகிறானா, சும்மா இருக்கிறானா, யார் கண்டது? அதனால் அண்ணாச்சி அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லை. கட்கித் தமிழர்களுக்கு அவன் ஊமையாகிப் போனான்.

மறுநாளே பையன்கள் எல்லாம் சாம்பலாண்டி விளையாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை இவரை எந்த விளையாட்டுக்கும் சேர்த்துக்கொண்டதில்லையாம். அன்றைக்கு எல்லாருமாக, "நீதாம்ல சாம்பலாண்டி. ஒனக்குத்தான் பேச வராதே" என்று இவரைப் பிடித்துக்கொண்டார்கள். கேலியாகத்தான் சொல்லியிருப்பார்கள். கழுதைகள்! ஆனால் இவருக்கு அது பட்டம் கட்டின மாதிரி.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். புது விளம்பரத்தில் முகமூடி மூக்கோடு நின்றுவிட்டது. கீழே பளபளவென்று மழித்த தாடையும், நல்ல சிவப்பாக உதடும் தெரிந்தன. இவன் பேசத்தான் போகிறான் என்று எனக்கே விளங்கிவிட்டது. பேசினால் என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் துணைக்கு இருந்த ஒரே ஆளும் போய்விடுவான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோசம். பேசட்டுமே! அவனைப் பார்த்தாவது இந்த மனுசர் வாயைத் திறப்பாரா என்று ஒரு நப்பாசை.

இவர் பாடுதான் திண்டாட்டம். வேலை விட்டு வந்ததும் கட்கி பஜாரில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் போய்ப் படத்தைப் பற்றிய செய்தி தேடி உட்கார்ந்துவிடுவார். மோட்டார் சைக்கிள் அதேதான் என்று தெரிந்த அன்று வழியில் வடாபாவ் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். உடுப்பின் நிறத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று சோறே இறங்கவில்லை. நடுநடுவே என்னிடம் வந்து ஒரே கேள்வி. "கு... குரல் எப்பிடி இருக்கும்?"

"வாய் இருக்குல்லா, ஏதோ ஒரு குரல் இருக்கும். நான் என்னத்தக் கண்டேன்?" என்பேன்.

படம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து ஜெபமணி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். டீயைக் கொடுத்துவிட்டு நானே கேட்டேன். "அண்ணாச்சி, பழைய படத்துல அவன் நெசமாவே ஊமையா?"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஊமையா? எவன் சொன்னான்? மூடிக்குள்ள வாய் அசைஞ்சா எனக்கு எப்பிடித் தெரியும் தாயி? பொறவு மெஸ்ஸுல சத்தத்தோட பாத்தேன்லா. வாய் ஓயாமப் பேசுதான், வக்கீல் கணக்கா!"

"இ... இல்ல!" என்று இவர் எழுந்துவிட்டார்.

"ஏல, நான் பாத்தேங்கேன்."

"நீ... நீங்க வேற படம் பாத்திருப்பிய. கூ... கூரை மேல நிக்கும்போது அ... அவன் பேசல. அந்தப் பிள்ளையத் தூ... தூக்கும்போதும் பேசல. பே... பேசுனா தோள் அசையும்லா? அ... அசையவே இல்ல!" அண்ணாச்சி ஒன்று சொன்னால் இவர் மூன்று சொன்னார். திக்கித் திக்கி, வேர்த்து வடிய, விடாமல் பேசினார். இத்தனை வருசத்தில் இவ்வளவு பேச்சை நான் இவரிடம் கேட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏங்க, பேசாதவனுக்காகவா இம்புட்டுப் பேச்சு?" என்றேன்.

சட்டென்று நிறுத்திவிட்டார். முகம் சுருங்கிப் போயிற்று. ஐயோ, என் வாயில் மண்ணைப் போட! அண்ணாச்சி டீயைக் குடித்துவிட்டு மெல்ல நழுவினார்.

அடுப்படியில் வந்து நின்றவரிடம், "கோவப்படாதிய. நமக்கு அவன் ஊமையாவே இருந்துட்டுப் போட்டும்" என்றேன்.

"ஊ... ஊமை இல்ல."

"பின்ன?"

"பே... பேசுவான். எனக்கு மட்டும் கே... கேக்கும்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எ... என் குரல்ல. தி... திக்காம."

கரண்டியைக் கீழே வைத்தேன். யாருமே வார்த்தை கொடுக்காத அந்த முகமூடிக்குள் சிறுவயதிலிருந்து இவர்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது எவனோ ஒருத்தன் வெண்கலக் குரலில் பேசப் போகிறான். அது காதில் விழுந்துவிட்டால் இவருடைய குரல் போய்விடும். இது தெரியாமல் நான் வேறு அவன் பேசட்டும் என்று ஆசைப்பட்டேனே!

"படம் வர்றதுக்கு முன்னால எனக்கு ஒருதரம் பேசிக் காட்டுங்க. அந்தக் கூரை மேல நின்னுட்டு என்ன சொன்னான்?"

மாட்டேன் என்று தலையாட்டினார். நான் நகரவில்லை. கடைசியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் எழுத்திலேயே உதடு மாட்டிக்கொண்டது. நான் அடுத்தவர் பேச்சை முடித்துவைக்கிற ஆள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"ப... ப... பயப்படாதிய. நா... நான் இங்கதான் இ... இருக்கேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உள்ளே திக்காத குரல் வெளியே வந்ததும் திக்கிவிட்டதே என்று முகம் வெளிறியிருந்தது.

"அப்பிடியா சொன்னான்?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "பொறவு என்ன சொன்னான்?"