கழிவிரும்புக்கு மூன்று விலைப்புள்ளிகள்

பொறாமையோடு பார்த்தவளின் நினைவை அப்படியே நம்பலாகாது. ஆகவே சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். பொறாமைக்கு மட்டும் சான்று தேட வேண்டியிருக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில், லஞ்சம் நுழையாமல் கண்காணிக்கும் பிரிவில் நானும் என்னைவிட இளையவளான ஒருத்தியும் பணியாற்றினோம். பிரிவுத் தலைவர் ஓய்வுபெறவிருந்தார். அந்த இடம் எனக்கே என்று நினைத்திருந்தேன். கழிவிரும்பை விற்கும்போதெல்லாம், போட்டியிட்டு வாங்க வரும் மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விற்பனைக் கோப்பு ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்துக் கையொப்பமிட்டவள் நான். அவளோ கோப்பைத் திறப்பதே இல்லை. எல்லா விற்பனைகளின் தரவுகளையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்து அலசுவாள்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க ஃபைல் ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கு. ஆனா மொத்தமா பாத்தா, எப்பவும் அதே மூணு கம்பெனிதான் கொட்டேஷன் குடுக்குது. முறை வச்சு ஜெயிக்கிறாங்க."

"மியூசிக்கல் சேர் ஆடறாங்கன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுதா?"

"மூணு சேர்லயும் ஒரே ஆளோன்னு தோணுதுக்கா" என்று சிரித்தாள். சிரிப்பு அழகாக இருந்தது. அதையும் பொறுக்க முடியவில்லை.

அவள் கூற்றைப் பொய்யாக்கவே, நேரில் விசாரிக்கும் பணியைக் கேட்டு வாங்கினேன். முகவரிகள் சேலையூரில் வெவ்வேறு தெருக்களில் இருந்தன. மூன்று முதலாளிகளைக் கண்டுவிட வேண்டும் என்று மனம் ஏங்கியது. முதல் இரண்டும் பூட்டிய வீடுகள். மூன்றாவது ஒரு கிடங்கு. அதன் எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"மூணு கம்பெனியா? இன்னாக்கா நீ! ஒரே ஆளுதான் கீறாரு. யார்னா பாக்க வந்தா போர்டை மாத்தி மாட்டுவாரு. உனக்கு இன்னா போர்டு வோணும், சொல்லு."

கிடங்கின் சுவரோரம் சாத்தியிருந்த பெயர்ப்பலகைகளை நானே பார்த்துப் படமெடுத்தேன். என் கோப்புகளிலிருந்த பெயர்கள்தாம். பதிவு ஆவணங்களும் பிறகு அதையே உறுதி செய்தன.

படங்களோடு அறிக்கை எழுதினேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அவள் அலசலுக்கு இல்லாதிருந்த நேரடிச் சான்றை, அவளைத் தோற்கடிக்கப் போன நானே கொண்டுவந்து சேர்த்தேன். பிரிவுத் தலைமை அவளுக்குப் போயிற்று.

"நீங்க போய்ப் பாக்கலன்னா இதை யாருமே நம்பியிருக்க மாட்டாங்கக்கா" என்று என் கையைப் பற்றினாள். உண்மையாகவே சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது. அன்று மாலை நிறுவனப் பேருந்தில் அவளருகே இருக்கை காலியாக இருந்தும் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

எங்கள் நிறுவனத்துக்குள் எவரேனும் இந்த ஏற்பாட்டுக்குப் பணம் வாங்கினார்களா என்பது தெரியவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.