சுழலும் தட்டில் லெட்டி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம். நான் குடித்துவிட்டு உளறுகிறவன் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். ஆனால் 1930 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பர்ன்லியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என் மனைவி ஹன்னாவும் பார்த்தாள். ராத்திரி கூட இல்லை, பட்டப்பகல்.

எங்களுக்கு ஒரே மகள், லெட்டி. ஹன்னா நெசவு மில்லில் தறி ஓட்டுகிறவள். மகளையும் தன் பக்கத்துத் தறியிலேயே சேர்த்துவிட்டாள். லெட்டிக்கோ கால் ஓர் இடத்தில் நிற்காது. பத்தொன்பது வயதில், நடனக் கம்பெனியில் சேரப்போகிறேன் என்று லண்டனுக்குக் கிளம்பிவிட்டாள்.

"போடி! இனி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் ஹன்னா.

அம்மாவும் மகளும் ஒரே அச்சு. ரோஷமென்றால் அப்படி ஒரு ரோஷம். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ராத்திரியில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஹன்னா அழுவது எனக்குத் தெரியும். கேட்டால் சளி என்பாள்.

அக்டோபரில் லெட்டி எனக்கு ஒரு கார்டு போட்டாள். டெலிவிஷனில் ஆடப்போகிறாளாம். இன்ன செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. 'அம்மா பார்ப்பாளா?' என்று கேட்டிருந்தாள்.

ஹன்னா அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு அடுப்பைக் கிளறப் போனாள். திரும்பி நிற்காமலே சொன்னாள்.

"அந்தக் கருமத்தைச் செய்ய எத்தனை நாளாகும்?"

டெலிவிஷன் என்றதும் இன்றைக்குக் கடையில் விற்கிற பெட்டியை நினைக்காதீர்கள். அப்போது எங்களைப் போன்றவர்கள் கையால் கட்டிக்கொண்டதுதான். பெரிய அலுமினியத் தட்டு ஒன்று. அதில் சுருள் வடிவில் முப்பது ஓட்டைகள். தட்டுக்குப் பின்னால் ஒரு நியான் விளக்கு. ரேடியோவில் வரும் சிக்னலுக்கு ஏற்ப விளக்கு துடிக்கும், மோட்டார் தட்டைச் சுற்றும், ஓட்டைகள் வழியே அந்தத் துடிப்பு கோடு கோடாகச் சேர்ந்து படமாகும். படம் தீப்பெட்டி அளவுதான். எல்லாம் சிவப்பு. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

மோட்டாருக்கு மிட்டாய்க் கடையில் கழித்துப்போட்ட விசிறி கிடைத்தது. டிராம் டெப்போவில் என்னோடு வேலை செய்யும் க்ளிஃப் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், இதுல படம் வந்துச்சுன்னா நான் மீசையை எடுத்துடறேன்."

"ஒரு பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்கு. எடுத்தா நல்லதுதான்," என்றாள் ஹன்னா.

பிறகு என்னைக் கேட்டாள்.

"சத்தம் வருமாய்யா?"

"ஒரு ரேடியோதானே இருக்கு. படம் வேணும்னா சத்தம் கிடையாது."

"சத்தம் யாருக்கு வேணும்? அவ உதடு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அது உண்மை. நூற்றுக்கணக்கான தறிகள் அலறுகிற கொட்டகையில் காது எதற்கு? எங்கள் ஊர் மில்லில் பெண்கள் உதட்டைப் பார்த்துத்தான் வம்பு பேசுவார்கள். லெட்டிக்கும் அது கைவந்த கலை.

வேலை முடிந்தபோது திங்கட்கிழமை இரவாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. மறுநாள் காலைதான் முதல் ஓட்டம்.

மில்லில் வேலை குறைந்திருந்ததால் ஹன்னா வீட்டில் இருந்தாள். சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைகூட வாரிப் பின்னியிருந்தாள். மகள் இவளைப் பார்க்கப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வெளியே மூடுபனி. மோட்டாரைத் தட்டினேன். ங்ங்ங்... என்று தட்டு வேகம் எடுத்தது.

பதினோரு மணி. விளக்கு துடித்தது. சிவப்புக் கோடுகள் ஓடின. தட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். விரலை எடுத்தால் படம் நழுவிவிடும். அதுதான் அந்தக் கருவியின் குணம்.

பதினொன்று நாலுக்கு... ஒரு முகம்.

"லெட்டி!" என்றாள் ஹன்னா.

லெட்டிதான். பூதக்கண்ணாடிக்குள் அவள் முகம் மட்டும். அந்த மோவாய், அந்த நெற்றி.

ஆனால் அவள் ஆடவில்லை. முகம் அசையாமல் இருந்தது. கண்கள் மட்டும் எதையோ தேடின.

அவள் முடி... மேல்நோக்கி இருந்தது. தோளில் விழவில்லை. யாரோ உச்சியில் பிடித்து இழுக்கிற மாதிரி நேராக மேலே.

"இதென்ன புது ஃபேஷன்," என்று சிரித்தாள் ஹன்னா. அழுதுகொண்டே சிரித்தாள்.

கழுத்துச் சங்கிலியும் அப்படித்தான். மார்பில் தொங்கவில்லை. மோவாயில் ஏறிக் கிடந்தது.

எனக்குக் கை வியர்த்தது. துடைக்க விரலை எடுத்தேன்.

படம் நழுவவில்லை.

நான் தொடவே இல்லை. அப்படியே நின்றது.

லெட்டியின் உதடு அசைந்தது.

"என்னடி சொல்ற?" ஹன்னா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். "'அம்மா, நான் தெரியறேனா'ன்னு கேக்கறாய்யா!"

அவளே பதிலும் சொன்னாள். "தெரியறடி... நல்லாத் தெரியற. நான்தான் கண்ணு. அம்மா."

உதடு மறுபடி அசைந்தது.

"பயமா இருக்காம்." ஹன்னா என் கையைப் பிடித்தாள். "மேடைன்னா பயம் இருக்கத்தானே செய்யும்... பயப்படாதடி. மொத நாள் மில்லுல சொன்னேன்ல? கண்ணை மூடிக்க. அம்மா இங்கதான் இருக்கேன். கண்ணை மூடிக்க."

லெட்டி ஏதோ சொன்னாள். இரண்டே அசைவு.

கண்ணை மூடிக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது.

தட்டு மட்டும் சுற்றியது... ங்ங்ங்...

மணி பதினொன்றே கால்.

"பாத்தியா, 'சரிம்மா'ங்கறா! என் பேச்சைக் கேட்டுட்டா!" ஹன்னா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இரண்டு வருஷமாக நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் பாட்டுப் பாடிக்கொண்டே ஆப்பிள் பை சுட்டாள். கிறிஸ்துமஸுக்கு லெட்டியைக் கூப்பிடலாமென்று அவளே சொன்னாள்.

நாலு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லெட்டி லண்டன் டெலிவிஷன் நிலையத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. தெற்கே கடலோர ஊரில் முந்தின இரவு ஆட்டம். காலையில் கார் பிடித்து வந்திருக்கிறாள். பனியில் கார் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. நேரம் பத்தரை. நிகழ்ச்சியில் அவளுக்குப் பதில் யாரோ ஒருவர் வயலின் வாசித்தாராம்.

"பொய்! பதினோரு மணிக்கு நாங்க பாத்தோம்!" என்று ஹன்னா அவர் சட்டையைப் பிடித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். ஆப்பிள் பை மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து நாலு நாள். ஹன்னா என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இன்னொரு தடவை போடுய்யா. வருவாளான்னு பாப்போம்."

தனியாகப் போட எனக்குத் தைரியமில்லை. க்ளிஃபைக் கூப்பிட்டேன். பதினோரு மணிக்குப் படம் வந்தது. யாரோ ஒரு ஆள் பாடிக்கொண்டிருந்தான். தலை கீழே, தோள் மேலே. விரலை எடுத்தால் நழுவி ஓடினான். ஹன்னா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

க்ளிஃப் தட்டையே பார்த்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

"மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துதுடா. ஒயரை மாத்திக் குடுத்திருக்க. இதுல எது வந்தாலும் தலைகீழாத்தான் வரும்... அன்னிக்கு லெட்டி எப்படி வந்தா?"

"நேரா."

"ஒயரைத் தொட்டியா அதுக்கப்புறம்?"

"தொடலை."

க்ளிஃப் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மரண விசாரணைக்கு நான் மட்டும் தெற்கே போனேன். முதலில் ஓடிவந்து பார்த்த விவசாயி சாட்சி சொல்ல வந்திருந்தார். பாரோ என்று பெயர். வெளியே என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். குதிரை கட்டித் தூக்கறதுக்குள்ள போயிடுச்சு. கார் மல்லாந்து கெடந்தது. கால் சீட்டுல மாட்டிக்கிட்டு... புள்ள தலைகீழாத் தொங்கிச்சு. முடி தரையைத் தொட்டுச்சு."

"நினைவு இருந்ததா?"

"இருந்துச்சு. பேசிக்கிட்டே இருந்துச்சு. எங்கிட்ட இல்ல சார். 'அம்மா, நான் தெரியறேனா'ன்னு கேட்டுச்சு. அப்புறம் பேசாம இருந்துச்சு, யாரோ பதில் சொல்றதைக் கேக்கற மாதிரி. பயமா இருக்குன்னுச்சு. மறுபடி காது குடுத்துக் கேட்டுச்சு. கடைசியில 'சரிம்மா'ன்னுட்டுக் கண்ணை மூடிச்சு. அப்போ சர்ச் மணி பதினொண்ணே கால் அடிச்சுது..." அவருக்குக் குரல் உடைந்தது. "கண்ணைத் திற தாயீ, திறன்னு கத்தினேன் சார். திறக்கவே இல்ல."

வீடு திரும்பியபோது ஹன்னா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஆளு என்னய்யா சொன்னாரு? எம் பொண்ணு ஏதாவது பேசினாளாமா?"

"ஒண்ணும் பேசலையாம்," என்றேன்.