மெம்பர் என்ற சொல்லும் என் தங்கை தாயாரம்மாளும்

முதலில் என் தங்கை தாயாரம்மாள் ஜெயித்தவற்றை எழுதிவிடுகிறேன். 1996 அக்டோபரில், உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில், கிழக்குத் தெரு வார்டைப் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். எதிர்த்து நின்றவர் டிராக்டர் வைத்திருக்கும் வீட்டு மருமகள். எங்களிடம் இருந்தது மூன்று ஆடு. அடுத்த பொங்கலுக்குள் தெருவுக்கு ஏழு டியூப் லைட் வந்தது. நான்கு வருடமாகத் தாசில்தார் ஆபீசுக்கு நடந்த செல்லாயிக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்தது. பால்வாடிக் கூரைக்குப் புது ஓடு, எண்ணி நானூற்று இருபது. இத்தனையும் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாதவள் செய்தது. நான் ஆறாவது வரை போனேன். அப்போது வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

ஜெயித்த மறுநாளே அவள் பெயர் ஊரில் காணாமல் போயிற்று. எல்லோருக்கும் அவள் மெம்பர். எங்கள் ஆடு வேலி தாண்டினால், "மெம்பர் வூட்டு ஆடு மேயுது பாரு" என்பார்கள்.

"மெம்பர்னா இன்னாக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"உறுப்பினர்."

"அது போர்டுல கீற பேரு. அர்த்தம் இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் தைக்க நூல் வாங்க உத்திரமேரூர் போனபோது நூலகத்தில் ஏறிக் கேட்டேன். நூலகர் தடித்த அகராதி ஒன்றைப் பிரித்துப் படித்துச் சொன்னார். அதைக் கடை பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். லத்தீனில் மெம்ப்ரம். கை, கால் போன்ற உடம்பின் உறுப்பு என்று பொருள். அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு கூட்டத்தைச் சேர்ந்த ஆளையும் அதே சொல்லால் அழைத்தார்கள். நம் உறுப்பினரிலும் உறுப்புதானே இருக்கிறது என்றார் நூலகர்.

தாயாரம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப பஞ்சாயத்து ஒரு ஒடம்பு. நா அதுல கையா, காலா?" தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

துணைத் தலைவர் இருசப்பனும் கேட்டுச் சிரித்தார். அவர் எங்கள் தாய்மாமன் மகன். அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்னதே அவர்தான்.

1997 முழுக்க அவள் கேட்டது ஒன்றுதான்: கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி. பங்குனி பிறந்தால் எங்கள் தெருக் கிணற்றில் சேறுதான் வரும். அந்த வருடம் பஞ்சாயத்துக்கே ஒரு தொட்டிதான். இருசப்பனின் மேட்டுத் தெருவும் அதைக் கேட்டது.

எங்கள் பஞ்சாயத்தில் பாதிக் கூட்டம் கூடுவதே இல்லை. தீர்மானப் புத்தகம்தான் வீடு வீடாக வரும். பக்கத்தின் அடியில் முதலில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார்கள். மேலே கிளார்க் பிறகு எழுதிக்கொள்வார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. 1998 மார்ச் பதினெட்டாம் தேதி காலையில் புத்தகத்தை இருசப்பனே கொண்டுவந்தார்.

"ஒண்ணுமே எழுதலியே மாமா?" என்றாள் தாயாரம்மாள்.

"ஒன் தொட்டிதாம்மே. கிளார்க்கு அப்பால எழுதுவாரு."

"கூட்டத்துக்கு நானே வரட்டா?"

"ஒடம்பு முழுக்க இன்னாத்துக்கு வரணும்? நீதான் உறுப்பாச்சே, பெருவெரலு வந்தா போதும்."

மூன்று பேரும் சிரித்தோம். மைப்பெட்டியைப் பிடித்தவள் நான். அவள் விரல் மையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டவளும் நான்.

மே முதல் தேதி, பள்ளிக்கூட வாசலில் கிராம சபை. கிழக்குத் தெருப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க் படித்தார்: கிழக்குத் தெருவில் கிணறு இருப்பதால் தொட்டி தேவையில்லை, அதை மேட்டுத் தெருவில் கட்டலாம் என வார்டு உறுப்பினர் தாயாரம்மாள் முன்மொழிந்து, ஏகமனதாக நிறைவேறியது.

செல்லாயி எழுந்தாள். "நீயே வாணான்னு சொன்னியாமே?"

"நா சொல்லலக்கா."

"கைநாட்டு?"

"என்னுதுதான்."

"அப்ப மேட்டுத் தெருவுக்கே குடி போ. அங்க தண்ணி வரும்."

இருசப்பன் கையமர்த்தினார். "தொட்டி எங்க இருந்தா இன்னா, ஊருக்குள்ளதானே கீது?"

தாயாரம்மாள் அவரைப் பார்த்தாள். "மாமா, எங் கையாலயே எந் தெரு கழுத்த நெறிச்சிட்டியே." அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு கிணற்றடியில் அவள் குடத்துக்கு யாரும் இடம் விடவில்லை. எல்லோரும் போன பிறகு அடியில் இருக்கும் கலங்கலைத்தான் மொண்டு வருவாள். மேட்டுத் தெருவில் தொட்டிக்குத் தூண் எழும்பியது. ஜூன் மாதம் என்னிடம் தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். ஜாக்கெட் வெட்டும் காகிதத்தில் எழுதினேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் அது மடியில் இருந்தது. ஆறு எழுத்து. 'ள்' மட்டும் கடைசிவரை பக்கம் மாறித் திரும்பியது.

மறுபடி புத்தகம் வாசலுக்கு வந்தபோது, "ஆபீசுக்கு வரேன்" என்று திருப்பி அனுப்பினாள். நானும் கூடப் போனேன். மே முதல் தேதி வாசித்த தீர்மானத்தைத் தான் முன்மொழியவில்லை, வெற்றுத் தாளில் ரேகை வாங்கினார்கள் என்று எழுதச் சொன்னாள். கிளார்க் இருசப்பனைப் பார்த்தார். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கிளார்க் எழுதினார். நான் இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன்.

அவர் மைப்பெட்டியை நீட்டினார். அவள் பேனாவைக் கேட்டாள்.

"சீக்கிரம் போடும்மே, பஸ்சு பூடும்" என்றார் இருசப்பன்.

"நீ போ மாமா. ஒன் வேலதான் முடிஞ்சிபோச்சே."

தொட்டி கிழக்குத் தெருவுக்கு வரவில்லை. செல்லாயி இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் 'தாயாரம்மாள்' என்று இருக்கிறது. பக்கத்தில் தேதியை மட்டும் நான் எழுதினேன்: 13.7.1998, திங்கட்கிழமை.